கல் தந்த ஓய்வு

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் கடந்தபின், மண்டகப்பட்டு என்னும் சிற்றூரின் அருகே, ஒரு கருங்கற் குன்றின் முகத்தில், துவாரபாலகர் இருவர் காவல் நிற்க, உட்புறம் மூன்று சிறு கருவறைகளோடு ஒரு குகைக்கோயில் அமைந்திருக்கிறது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் குடைவித்த அக்கோயிலின் வடமொழிச் சாசனம், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி, பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் விசித்திரசித்தன் என்னும் அரசன் சமைத்த ஆலயம் இது என்று பெருமிதத்தோடு அறிவிக்கிறது. தமிழ்நாட்டுக் கோயிற்கலையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இச்சாசனத்தையே முதற்படியாக வைத்துத் தொடங்குவார்கள். ஆனால் அது சொல்லும் நான்கு பொருள்களுள் ஒன்றைக் குறித்து மட்டும் சற்றே நின்று யோசிக்க இடமுண்டு. உலோகமின்றி எழுந்த கோயில்தான் அது. உலோகமின்றிக் குடையப்பட்ட கோயில் அன்று. கல்லில் தங்காத இரும்பு, கல்லைத் தொட்டுத் தொட்டு மீண்ட இரும்பு, ஒரு மனிதனுடைய கையில் உளியாக இருந்தது. அந்த உளி கல்லுக்குக் கொடுத்த ஒவ்வோர் அடியிலும் ஒரு பங்கு திரும்பி, அவனுடைய மணிக்கட்டிலும் முழங்கையிலும் தோளிலும் ஏறியது.

அவ்வாறு திரும்பி ஏறிய பங்கின் கதையே இக்கட்டுரையின் பொருள். உழைக்கும் தேகம் உழைப்பினாலேயே நோவுறுவதை, தசைக்கும் எலும்புக்கும் மூட்டுக்கும் தொழில் தரும் உபாதை என்று இன்றைய வைத்தியர்கள் பெயரிட்டு வகுத்திருக்கிறார்கள். அவ்வுபாதைக்குரிய காரணங்களுள் ஒன்றாக, கருவியிலிருந்து உடலுக்குள் ஏறும் அதிர்வைக் குறித்திருக்கிறார்கள். விந்தை என்னவென்றால், அதே அதிர்வைத்தான் தளர்ந்த தசைக்கு வலுவூட்டும் சிகிச்சையாகவும், பந்தயவீரனுடைய கால்களுக்குப் பயிற்சியாகவும் வைத்திய சாலைகளிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் பிரயோகிக்கிறார்கள். நஞ்சும் மருந்தும் ஒரே பொருளாக இருக்குமாயின், இரண்டையும் பிரிக்கும் கோடு எங்கே இருக்கிறது என்னும் கேள்வி எழுகிறது. அதற்கு விடை தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே கல்லை நம்பிப் பிழைத்தவர்களுடைய தொழில் கடந்துவந்த பாதையைத் திரும்பிப் பார்த்தாலே போதும்.

இந்நிலப்பகுதிக்குப் பழைய காலத்தில் ஓய்மாநாடு என்று பெயர். புளியங்காட்டைக் குறிக்கும் திந்திரிணீ வனம் என்ற வடசொல்லே திண்டிவனம் ஆயிற்று என்பது வழக்கு. ஆனால் அப்பெயருக்கும் மூத்தது, இன்று அந்நகரத்தின் ஒரு பகுதியாக அடங்கிவிட்ட கிடங்கில் என்னும் கோட்டையூர். அக்கிடங்கிலுக்கும், எயிற்பட்டினம், ஆமூர், வேலூர் ஆகிய ஊர்களுக்கும் தலைவனாகிய நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு, இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடியதே பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை. ஓய்மான் என்பது குடிப்பெயரேயன்றி ஓய்வு என்ற சொல்லோடு அதற்கு உறவு கற்பிப்பது மொழிநூலார்க்கு ஒவ்வாது; எனினும், களைத்த உடம்பைக் குறித்து எழுதப் புகுந்தவனுக்கு அப்பெயரின் ஓசை ஒரு நற்சகுனமாகவே படுகிறது. அதைவிடப் பெரிய சகுனம் அப்பாட்டினுள்ளேயே உண்டு. வழிநடந்து தளர்ந்த விறலியர் நிழலில் அமர்ந்திருக்க, தொழில் இன்னும் கற்றுத் தேறாத இளையவர்கள் அவர்களுடைய சிறிய அடிகளை மெல்ல வருடிக் கொடுப்பதை நத்தத்தனார் காட்டுகிறார். இந்நாட்டைப் பற்றிய ஆதி இலக்கியத்திலேயே, தொழிலால் வந்த நோவும், அந்நோவைத் தீர்க்கும் கையும், இரண்டுக்கும் இடமளித்த நிழலும் சேர்ந்து வந்துவிட்டன.

இனி, கல்லுக்கு வருவோம். இப்பகுதியின் கருங்கல்லில் குவார்ட்ஸ் என்னும் படிகம் கலந்திருக்கிறது. கடினத்தில் அப்படிகத்துக்குப் பத்துக்கு ஏழு என்று கனிம சாஸ்திரிகள் ஸ்தானம் கொடுக்கிறார்கள். சாதாரண இரும்புக்கு அதற்குக் கீழ்ப்பட்ட ஸ்தானமே கிடைக்கிறது. தன்னைவிடக் கடினமான பொருளை வெட்டப் புகும் உளி சிறிது நேரத்திலேயே முனை மழுங்கிப்போவது ஆகையால் இயற்கை. இக்காரணத்தினாலேதான் கல்தச்சர்கள் ஓர் உளியோடு வேலைக்குப் போவதில்லை. பல உளிகளைக் கட்டாகக் கொண்டுபோவார்கள். வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு சிறு உலைக்களமும் துருத்தியும் வைத்து, மழுங்கிய உளியைக் காய்ச்சி, அடித்து முனை தீட்டி, நீரில் தோய்த்துத் துவைச்சல் ஏற்றிக் கொடுக்க ஒரு கொல்லன் இருப்பான். துவைச்சல் அதிகமானால் முனை உடைந்து தெறிக்கும், குறைந்தால் மடங்கிவிடும், கல் தச்சனுடைய நாள் நன்றாகப் போவதும் போகாததும் கொல்லனுடைய கண் காணும் செந்நிறத்தின் பக்குவத்தில் இருந்தது.

இந்த ஏற்பாட்டில் ஒளிந்திருந்த ஒரு நன்மையை அக்காலத்தவர் நன்மையென்று எண்ணியிருக்க மாட்டார்கள். வேலைக்கு இடையூறு என்றே நினைத்திருப்பார்கள். உளி மழுங்கியபோதெல்லாம் கை நின்றது. புதிய உளியை எடுப்பதற்கும், பழையதைக் கொல்லனிடம் சேர்ப்பதற்கும், தூசியை ஊதிவிட்டு வெட்டிய கோடு நேராக வந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பதற்கும் செலவான அந்தச் சிறு பொழுதுகளில், இறுகிய தசை தளர்ந்தது. நரம்பின் மரப்பு நீங்கியது. விரலுக்கு இரத்தம் மீண்டது. பெரும்பாறையைப் பிளப்பதற்குக் குழி போட்டு ஆப்பு இறக்கியபோதும், விறகை அடுக்கித் தீமூட்டிப் பாறையின் மேலேட்டைச் சூட்டினால் பிரித்தெடுத்தபோதும், ஒருவன் துளையுளியைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்க இன்னொருவன் சம்மட்டி ஓங்கியபோதும், அடிக்கும் அடிக்கும் நடுவே மூச்சுக்குரிய அவகாசம் தொழிலிலேயே அமைந்திருந்தது. எஜமானனுடைய தயையினால் வந்த ஓய்வு அன்று அது; கல்லின் பிடிவாதம் தந்த ஓய்வு.

இவ்வாறு சொல்வதனால், பழங்காலத்துக் கல்வேலை நோவறியாத வேலை என்று கொள்ளலாகாது. குனிந்தே இருந்த முதுகும், ஓங்கியே பழகிய தோளும், கல்தூசி படிந்த நெஞ்சும் இளமையிலேயே முதுமையடைந்தன. குறுக்குப் பிடிப்பு, சுளுக்கு, வாயு என்று மக்கள் வழங்கிய பெயர்களுக்குள் இவ்வுபாதைகளெல்லாம் அடங்கின. நொச்சி இலையை வதக்கி ஒத்தடம், செங்கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றி ஒத்தடம், சூடு காட்டிய ஆமணக்கெண்ணெயால் நீவுதல் என்று வீட்டு வைத்தியமும் கூடவே வளர்ந்தது. சித்த வைத்தியம் இதனைத் தொக்கணம் என்னும் தனிச் சிகிச்சையாகவே வகுத்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது முறைகளைச் சொல்கிறது. இவற்றுள் முதலாவதாகிய தட்டலும் இறுதியாகிய அசைத்தலும், யந்திரம் பிறப்பதற்கு முன்பே கையினால் செய்த அதிர்வுச் சிகிச்சைகள் என்றால் மிகையாகாது.

திண்டிவனத்துக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமாகிய திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட சோழன் வீரராசேந்திரனுடைய கல்வெட்டு ஒன்று, கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகளோடு நடந்த ஆதுலர் சாலையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. அங்கே ஓராண்டுச் செலவுக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலில் ஏரண்டத் தைலங்களும் இடம்பெற்றிருக்கின்றன. ஏரண்டம் என்பது நம்முடைய ஆமணக்கே. வாதத்தால் விளையும் பிடிப்புக்கும் குடைச்சலுக்கும் தலைமுறை தலைமுறையாக நம்பப்பட்ட எண்ணெய் அது. உழைப்பின் உபாதைக்கு எண்ணெயும் படுக்கையும் ஒரே கூரையின்கீழ் வைத்த அம்முறையை நோக்கும்போது, நோயாளிக்கு மருந்தோடு கிடத்தலும் வேண்டும் என்பதை அக்காலத்தார் ஐயமின்றி அறிந்திருந்தார்கள் என்று தோன்றுகிறது.

தொழிலையும் நோயையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் சாஸ்திரம் ஐரோப்பாவில் முறைப்படி பிறந்தது 1700ஆம் ஆண்டில். இத்தாலி நாட்டு மோதேனா நகரத்து வைத்தியர் பெர்னார்தீனோ ராமத்சீனி அவ்வாண்டு வெளியிட்ட நூலில், நோயாளியிடம் வைத்தியன் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, நீ செய்யும் தொழில் யாது என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று வற்புறுத்தினார். கல்வெட்டுபவர், எழுத்தர், நெய்பவர் எனத் தொழிலாளிகளை வகைவகையாக எடுத்துக்கொண்டு, அளவு மீறிய அசைவும், இயல்புக்கு மாறான இருக்கையும் தேகத்தை எவ்வாறு கெடுக்கின்றன என்பதை அவர் ஆராய்ந்தார். தொழிலில் இயற்கையாக அமைந்திருந்த அவகாசத்தைப் பறிக்கும் யந்திரங்கள் அப்போது தோன்றவில்லை. அவை வருவதற்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு இருந்தது.

நம் பக்கத்தில் அந்த மாறுதலுக்கு முன்னோடியாக வந்தது இருப்புப்பாதை. 1870களின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து தெற்கே நீண்ட தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை திண்டிவனத்தைத் தொட்டு விழுப்புரத்தை அடைந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ஒரு கிளை பிரிந்தது. பின்னர் வேலூர், காட்பாடிப் பக்கமும் ஒரு கிளை சென்றது. விழுப்புரம் சந்திப்பாயிற்று. தண்டவாளத்தின் கீழே பரப்புவதற்கும், கூடவே வளர்ந்த கப்பிச் சாலைகளுக்கும் ஜல்லி வேண்டியிருந்தது. நல்ல சாலைக்குக் கல்லைச் சிறுசிறு துண்டுகளாக உடைக்கவேண்டும் என்ற விதியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வகுத்த மக்காடம் என்பவர், உடைக்கிறவர் உட்கார்ந்து சிறு சுத்தியலால் உடைப்பதே உத்தமம் என்றும் சொல்லிவைத்தார். அந்த விதி கடல் கடந்து வந்தபோது, கல்வேலையின் சொரூபமே மாறிற்று. தூணும் படியும் உருவமும் செதுக்கிய தொழிலுக்குப் பக்கத்திலேயே, ஒரே அளவில் உடைத்துக் குவிப்பது மட்டுமே வேலையான தொழில் ஒன்று முளைத்தது. கீற்றுப் பந்தலின் கீழே, காலை மடக்கி அமர்ந்து, பெண்களும் சிறுவர்களும்கூடக் கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சுத்தியலுக்குத் துவைச்சல் தேவையில்லை. அது மழுங்குவதும் இல்லை. கொல்லனுக்காகக் காத்திருந்த பொழுது முதன்முதலில் அங்கேதான் தொலைந்தது.

ரயில் இன்னொரு வகையிலும் நம் பொருளோடு சம்பந்தப்படுகிறது. விழுப்புரத்தில் ஏறிப் புதுச்சேரியில் இறங்கினால், அக்காலத்தில் பிரெஞ்சு ராஜ்யத்தில் இறங்கியதாகும். அந்த ராஜ்யத்தின் தலைநகரமாகிய பாரிஸில், சால்பேத்ரியேர் வைத்தியசாலையில், நரம்பு வைத்தியத்தின் பிதாக்களுள் ஒருவராகக் கொண்டாடப்படும் ஷார்கோ என்பவர் அப்போது புகழோடு விளங்கினார். கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோயுடையவர்கள் சிலர், ரயிலிலோ குதிரை வண்டியிலோ நெடுந்தூரம் பிரயாணம் செய்து இறங்கியபின், அந்தக் குலுங்கலே தங்களுக்கு இதமாக இருந்தது என்று அவரிடம் கூறினார்கள். ஆரோக்கியமுள்ளவன் அலுத்துப்போகும் பிரயாணம் நோயாளிக்கு எவ்வாறு சுகம் தந்தது என்று ஆராய்ந்த ஷார்கோ, ரயில் வண்டியின் அதிர்வைப் போலவே அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்து, நோயாளிகளை அதில் அமர்த்தி, 1892இல் அதன் பலனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். அடுத்த ஆண்டே அவர் காலமானபடியால் ஆராய்ச்சி நின்றுபோயிற்று. அதற்கு முன்னரே, 1865 முதல், ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் குஸ்தாவ் சாண்டர் என்னும் வைத்தியர், தேகத்தை அசைக்கவும் தட்டவும் குலுக்கவும் பலவகை யந்திரங்களை அமைத்து ஒரு சிகிச்சைக் கூடம் நடத்திவந்தார். நம் தொக்கணத்தின் ஒன்பது முறைகளுட் சிலவற்றை நீராவி யந்திரம் மேற்கொண்டதுபோன்ற காட்சி அது.

அதிர்வு இவ்வாறு ஒரு வாசல் வழியே மருந்தாக நுழைந்த அதே காலத்தில், இன்னொரு வாசல் வழியே நோயாக நுழைந்தது. பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் நடுவே ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டவர்கள், 1861 முதல் அழுத்தக் காற்றினால் இயங்கும் துளைக்கருவியைப் பயன்படுத்தினார்கள். விரைவில் அக்கருவி சிறுத்து, ஒருவன் கையில் பிடிக்கத்தக்க சுத்தியலாகக் கற்சுரங்கங்களுக்குப் பரவியது. அதனால் விரல்கள் இரத்தமற்று வெளுப்பதை 1911இல் இத்தாலியில் லோரிகா என்பவர் குறித்தார். 1918இல் அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்துப் பெட்ஃபோர்டு நகரத்தில் சுண்ணாம்புக் கல் செதுக்கும் தொழிலாளர்களிடையே ஆலிஸ் ஹாமில்டன் என்னும் பெண் வைத்தியர் நேரில் சென்று ஆராய்ந்தார். குளிர்ந்த காலைப்பொழுதில் அவர்களுடைய விரல்கள் பிணத்தின் விரல்போல வெளிறி மரத்தன. காற்றுச் சுத்தியலைத் தாங்கிய வலக்கையைவிட, உளியைப் பிடித்து வழிநடத்திய இடக்கைக்கே உபாதை மிகுதியாக இருந்தது. மகேந்திரவர்மனுடைய தச்சனும் இடக்கையில்தான் உளியைப் பிடித்தான். ஆனால் அவன் உளி ஒரு நிமிடத்தில் வாங்கிய அடிகளை விரல்விட்டு எண்ணமுடியும். பெட்ஃபோர்டின் உளி வாங்கிய அடிகளோ ஆயிரக்கணக்கின.

நம் ஊர்க் கல்குவாரிகளுக்குக் கம்பிரசரும் ஜாக் ஹாமரும் பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பிந்திய தலைமுறைகளில் வந்து சேர்ந்தன. திண்டிவனத்துக்கும் வானூருக்கும் இடைப்பட்ட குன்றுகளிலும், திருவக்கரையைச் சூழ்ந்த மேட்டுநிலத்திலும், விழுப்புரத்துக்கு மேற்கே உள்ள பாறைகளிலும், துளையிட்டு வெடிவைத்துப் பிளந்த கல் கிரஷரில் விழுந்து ஜல்லியாகி, சென்னையின் கட்டடங்களுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் லாரிகளில் போகலாயிற்று. இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியை நெஞ்சோடும் தொடையோடும் அணைத்து நிறுத்தி, அது நிமிடத்துக்கு 2000 முறைக்குமேல் பாறையைக் குத்தும்போது தானும் சேர்ந்து அதிர்ந்து நிற்பதே துளைபோடுகிறவனுடைய வேலை. நம் தேசத்து வெப்பத்தில் விரல் வெளுப்பது அரிது. ஆகையினால் நோயே இல்லையென்று எண்ணிவிடக் கூடாது. இரவில் கை மரத்துக் கண்விழிப்பதும், சட்டைப் பொத்தானைப் போடமுடியாமல் விரல் தடுமாறுவதும், சோற்றைப் பிசையும் பிடி தளர்வதும், தோளைத் தூக்கமுடியாமல் போவதும் குளிரைக் கேட்டு வருவதில்லை.

கருவியின் முனையில் இப்போது இருப்பது பழைய இரும்பு அன்று. டங்ஸ்டன் கார்பைடு என்னும், குவார்ட்ஸையும் விஞ்சிய கடினமுள்ள பொருள். அது எளிதில் மழுங்குவதில்லை. கல்லின் பிடிவாதம் அங்கே தோற்றது. கல்லோடு சேர்ந்து கையும் தோற்றது. கூலியோ, துளையிட்ட அடிக்கணக்கிலோ, ஏற்றிய யூனிட் கணக்கிலோ கிடைக்கிறது. நின்ற பொழுதுக்குக் கூலி இல்லையாதலால், எவரும் பறிக்காமலே தொழிலாளி தன் ஓய்வைத் தானே விட்டுக்கொடுத்துவிடுகிறான். முன்பணம் வாங்கியவனுடைய நிலை அதனினும் பரிதாபமானது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் இயற்றப்பட்டதே, கல்லுடைப்பு முதலிய தொழில்களில் கடன் மனிதனைக் கட்டிப்போட்டிருந்தமையால் அல்லவா? 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், திறந்தவெளிக் குவாரிகளுக்கும் பொருந்தியது, ஐந்து மணி நேரத்துக்குமேல் ஒருவன் தொடர்ந்து வேலைசெய்யலாகாது என்றும், அதற்குள் அரைமணி நேரமாவது இடையோய்வு தரவேண்டும் என்றும் விதித்தது. நாளை இரண்டாகப் பிரிக்கும் ஓய்வைச் சட்டம் தந்தது. அடிக்கும் அடிக்கும் நடுவேயிருந்த சிறிய ஓய்வு அதன் வலையில் அகப்படவில்லை.

கல்லை உடைத்தவனோடு நின்றதா இந்த அதிர்வு என்றால், அவன் உடைத்த ஜல்லியின்மேல் ஓடியவனையும் அது விடவில்லை. வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சமுக்காளம் விரித்துக் கட்டைவண்டியில் போனவர்கள், குலுக்கலை விலக்கும் சாஸ்திரத்தைப் படிக்காமலே அறிந்திருந்தார்கள். வில்வண்டி வந்தபோது அச்சாஸ்திரம் இன்னும் ஒரு படி உயர்ந்தது. மீட்டர் கேஜ் எஞ்சினில் ஆடும் தளத்தின்மேல் நின்றுகொண்டு நிலக்கரியை அள்ளிப் போட்ட ஃபயர்மேனும், தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பஸ் ஓட்டிய நாளிலிருந்து அச்சாலைகளில் ஆயுளைச் செலவிட்ட ஓட்டுநர்களும் முதுகெலும்பிலே அந்த ஆட்டத்தை வாங்கிக்கொண்டவர்கள். விநாடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரையுள்ள அசைவுக்கு மனிதனுடைய இடுப்பெலும்புத் தொடர் மிக எளிதாக இசைந்து ஆடும். கரடுமுரடான சாலையில் கனரக வண்டி தரும் அசைவும் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்ளேயே விழுகிறது.

இனி மருந்தின் வாசலுக்குத் திரும்புவோம். 1966இல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்களாகிய ஏக்லுண்டும் ஹாக்பார்த்தும், தசையின்மேலோ தசைநாரின்மேலோ விரைவான அதிர்வை வைத்தால், மனிதன் வேண்டுமென்று முயலாமலே அத்தசை இறுகுவதைக் காட்டினார்கள். தசைக்குள் கதிர்போன்ற வடிவில் மறைந்திருக்கும் நுண்ணிய உணர்கருவிகள், ஒவ்வோர் அதிர்வையும் தசை இழுபட்டதாகக் கருதி முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து இறுகும்படி கட்டளை திரும்புகிறது. இதனைப் பயிற்சியாக மாற்றும் முயற்சியில் சோவியத் நாட்டு விளாதிமிர் நசரோவ் ஜிம்னாஸ்டிக் வீரர்களை ஈடுபடுத்தினார். 2001இல் அமெரிக்க விஞ்ஞானி கிளின்டன் ரூபினும் அவர் குழுவினரும், செம்மறியாடுகளை நாளொன்றுக்கு 20 நிமிடம், விநாடிக்கு 30 முறை மிக மென்மையாக அதிரும் பலகையில் ஓராண்டு நிறுத்திப் பார்த்து, தொடையெலும்பின் நுண்வலைப் பகுதி 34 சதவீதம் அடர்த்தி மிகுந்திருக்கக் கண்டார்கள்.

இத்துறையில் பெயர்பெற்ற இத்தாலியர் கார்மெலோ போஸ்கோ. அவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், 14 ஆடவர்கள் விநாடிக்கு 26 முறை அதிரும் மேடையில் நிறுத்தப்பட்டார்கள்; கால்தசைகளின் ஆற்றல் உடனடியாகக் கூடியது என்பது முடிவு. ஜாக் ஹாமர் நிமிடத்துக்கு 2000 முறை குத்துகிறது என்றேன். விநாடிக்குக் கணக்கிட்டால் 33 ஆகிறது. போஸ்கோவின் 26க்கும் ரூபினின் 30க்கும் குவாரியின் 33க்கும் தூரம் அதிகமில்லை. அதிர்வின் வேகம் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அதைக் கொடுத்த முறையைக் கவனியுங்கள். போஸ்கோ ஒரு தடவைக்கு 60 விநாடி அதிரச் செய்தார். பிறகு 60 விநாடி ஓய்வு. இவ்வாறு ஐந்து தடவை ஆனபின் ஆறு நிமிட ஓய்வு. மறுபடி ஐந்து தடவை. ஆகப் பத்து நிமிட அதிர்வுக்கு அதைவிட நீண்ட ஓய்வை அவர் இடையிடையே பெய்திருக்கிறார்.

குவாரிக்குரிய அளவையும் சாஸ்திரம் வகுக்காமல் விடவில்லை. ஐரோப்பிய நாடுகள் 2002இல் ஏற்றுக்கொண்ட விதியின்படி, கையின் வழியே ஏறும் அதிர்வின் வேகமாற்றம், எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிடும்போது, விநாடியின் வர்க்கத்துக்கு 2.5 மீட்டரைத் தாண்டினால் தடுப்பு முயற்சி தொடங்கவேண்டும். 5ஐத் தாண்டவே கூடாது. இக்கணக்கின் நுட்பம் என்னவென்றால், அதிர்வு இருமடங்கானால் அனுமதிக்கும் நேரம் பாதியாவதில்லை, கால்பங்காகிறது. அளவு 10 உள்ள கருவியை ஒரு நாளில் இரண்டு மணி நேரமே பிடிக்கலாம். 20 உள்ளதை அரைமணி நேரமே பிடிக்கலாம். மருந்து என்ற அதிகாரத்தில் வள்ளுவர் நோய்க்கு முதலாக எடுத்துச் சொல்வது அளவின் மிகுதியையும் குறைவையுமே என்பதை நினைக்கும்போது, இந்த எண்கள் அந்நியமாகத் தோன்றவில்லை.

ஷார்கோவின் நாற்காலிக்கு ஒரு பின்கதையும் உண்டு. நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, அமெரிக்க நரம்பு வைத்தியர்கள் சிலர் அதனைப் புதுமுறையில் சோதித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். இருபதுக்குச் சற்று மேற்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளை இரு குழுவாக்கி, ஒரு குழுவினரை அதிரும் நாற்காலியிலும், மற்றவரை இதமான ஒலியைக் கேட்டபடி அதிராத நாற்காலியிலும், ஒரு மாதம் நாள்தோறும் அரைமணி நேரம் சாய்ந்திருக்கச் செய்தார்கள். இரு குழுவினர்க்கும் குணம் தெரிந்தது. இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அதிர்வினால் வந்ததென்று ஷார்கோ நம்பிய சுகத்தில், சும்மா சாய்ந்திருந்ததற்கும் பங்கு இருந்திருக்கலாம். நிழலில் அமர்ந்த விறலியர்க்கு அடி வருடிய கையோடு அந்த நிழலும் மருந்தாயிருந்ததுபோல.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, நெடுஞ்சாலையின்மேல், முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கல்லுடைத்தவனும் பஸ் ஓட்டியவனும் தோளையும் இடுப்பையும் காட்ட அங்கே போகலாம். ஆனால் வைத்தியர் கொடுக்கும் மாத்திரை எதுவாயினும், கையை அசைக்காமல் சில நாள் இரும் என்ற சொல்லும் அதனோடு சேர்ந்தே வரும். அந்தச் சில நாளின் கூலியை யார் தருவது என்ற இடத்தில்தான் வைத்தியம் முடிந்து வேறு சாஸ்திரம் தொடங்குகிறது.

மண்டகப்பட்டின் குகைக்குள் சென்று, பளபளப்பாக்காமல் விட்ட சுவரைப் பக்கத்திலிருந்து பார்த்தால், உளியின் தடங்கள் வரிவரியாகத் தெரியும். ஒவ்வொரு வரியும் சிறிது தூரம் ஓடி நின்று, அடுத்தது அதன் அருகே தொடங்குகிறது. ஏறத்தாழ பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் அந்த வரி நின்ற இடங்களுள் சிலவற்றில், உளி மழுங்கி, தச்சன் கையை உதறிக்கொண்டு, உலைக்களத்துப் பக்கம் திரும்பியிருப்பான். இன்று பாறையைத் துளைக்கும் முனை மழுங்குவதில்லை. ஆகவே கொல்லன் அன்று அறியாமல் தந்த அந்த ஒரு நிமிடத்தை, இன்று கடிகாரத்தைப் பார்த்து, கூலியில் கழிக்காமல், ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குத் தரவேண்டியிருக்கிறது.